மாத்தளைப் பெருவழியும் நிவாரணப் பணியின் தலைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மத்திய மாகாணத்தில் வடகோடியாக அமைந்திருப்பது மாத்தளை மாவட்டம். அதன் தென்பகுதி முன்னர் கோப்பியும் பின்னர் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் விளைந்த மலைச்சரிவு. வடபகுதி தம்புள்ளையைக் கடந்து விரியும் வரண்ட வலயத்துக் காடும் குளமும். இவ்விரு நிலப்பகுதிகளையும் இணைத்துச் செல்வது கண்டியிற் புறப்பட்டு மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா வழியாக யாழ்ப்பாணத்தை அடையும் பெருவழி. மலையகத் தமிழர் வரலாற்றில் இவ்வழிக்கு ஒரு தனி இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்ததும், 1970களில் அவர்தம் வழித்தோன்றல்கள் பசியாலும் வன்செயலாலும் துரத்தப்பட்டு வடக்கு நோக்கிச் சென்றதும் இவ்வழியிலேதான்.

இரு காலங்களிலும் இம்மக்களுக்கு உதவவென்று பணிக்குழுக்கள் தோன்றின. சில அரசாங்கத்தால் அமைக்கப்பட்டன. சில துரைமாரால் நடத்தப்பட்டன. சில தன்னார்வத் தொண்டர்களால் உருவாயின. இவற்றுள் எவை மக்களின் துயரைத் துடைத்தன, எவை தவறின, அவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நிவாரணப் பணியும் அபிவிருத்திப் பணியும் இன்று உலகளாவிய ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டன. குழுத்தலைமை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தலைவரின் ஆற்றல், திட்டமிடல், தொடர்பாடல் ஆகியவற்றையே முதன்மைப்படுத்துகின்றனர். மாத்தளைப் பெருவழியின் வரலாறு அவற்றுக்கும் அடிப்படையான வேறொரு வினாவை எழுப்புகின்றது. அக்குழுவின் தலைவர் யாருக்குப் பொறுப்புக் கூறக் கடமைப்பட்டிருந்தார் என்பதே அவ்வினா.

1. கங்காணியும் அவன் கூட்டமும்

1830களிலும் 1840களிலும் கோப்பிப் பயிர்ச்செய்கை விரைந்து பரவியபோது அதற்கான உழைப்பைத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்கள் வழங்கின. பாக்குநீரிணையைப் படகிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், ஏறத்தாழ 150 மைல் தூரம் நீரற்ற காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். அவர்கள் காணும் முதற் பெருந்தோட்ட நகரம் அதுவே. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை நீட்டப்பட்ட பின்னரும் மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட வழி கால்நடையாகவே இருந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இவ்வழிநடையின் முடிவில் எழுந்த வழிபாட்டிடமாகும். அம்மையையும் வாந்திபேதியையும் அஞ்சிய மக்கள் மாரியை முதலில் நாடியதில் வியப்பில்லை.

இவ்வழியில் இறந்தோரின் தொகை அக்காலத்திலேயே பெரும் வாதத்துக்கு உள்ளாயிற்று. 1840களில் வந்த தொழிலாளருள் 70,000 பேர், அதாவது நாலில் ஒரு பங்கினர், மாண்டனர் என்று ‘கொழும்பு ஒப்சேவர்’ 1849இற் குற்றஞ்சாட்டியது. அதன் ஆசிரியர் கிறிஸ்தோபர் எலியட் ஒரு வைத்தியருமாவார். வந்தோர், திரும்பியோர் பற்றிய கணக்கு ஒழுங்காகப் பேணப்படாத காலத்தில் இத்தொகையை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. அது மிகையானதென்று கருதும் ஆய்வாளரும் உளர். ஆயினும், வழியோரத்தில் நோயாளர் கைவிடப்பட்டனர் என்பதையும், வாந்திபேதி இவ்வழியே மலைநாட்டுக்குப் பரவியது என்பதையும் எவரும் மறுத்ததில்லை.

இங்கு நாம் கருதவேண்டியது இப்பயணத்தை நடத்திய தலைமை எத்தகையது என்பதாகும். கங்காணி ஊரிலேயே ஆள்சேர்த்தான், முன்பணம் கொடுத்தான், வழியில் அரிசி வாங்கினான், தோட்டத்தில் வேலைவாங்கினான். ஒரு கூட்டத்தை நெடுந்தூரம் நடத்திச் செல்வதற்கு வேண்டிய திறமைகள் அவனிடம் நிறைந்திருந்தன. வழியை அறிந்தவன், தன் கூட்டத்தவரின் மொழியும் சாதியும் உறவும் அறிந்தவன், பல வேளைகளில் அவர்களுக்கு உறவினனுமாவான். எனினும் அவன் தன் கூட்டத்தவருக்குக் கடன்கொடுத்தவன். தோட்டத்துரையிடம் ஆளெண்ணிக்கைக்கு ஏற்பத் தலைக்காசு பெற்றவன். நடக்க முடியாத நோயாளிக்காக ஒருநாள் தங்கினால் ஏனையோர்க்கு ஒருநாள் அரிசி கூடுதலாக வேண்டும். அச்செலவு மீண்டும் கடனேட்டில் ஏறும். எனவே நோயாளியை விட்டுச் செல்லுதல் கங்காணியின் தனிப்பட்ட கொடுமையின் விளைவு மட்டுமன்று. அவனை அந்நிலையில் நிறுத்திய முறையின் விளைவுமாகும். பின்னாளில் ‘துண்டு’ முறையாக இறுகிய இக்கடன் பிணைப்பு 1921ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டது.

2. துரைமார் குழுக்களும் வைத்திய வரியும்

பெருவழி நெடுகிலும் மடங்களும் கிணறுகளும் அமைக்கப்பட்டன. சில இடங்களில் வைத்திய வசதியும் செய்யப்பட்டது. ஆனால் தோட்டங்களுக்குள் நோயுற்றோரின் நிலை நெடுங்காலம் துரைமாரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைச் சட்டமே இத்துறையில் முதலாவது பெருமுயற்சி எனலாம். தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. கோப்பி நிலத்தின் பரப்புக்கேற்ப வரி அறவிட்டு வைத்தியசாலைகளை நடத்தும் பொறுப்பு மாவட்டக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழுக்களில் துரைமாரே மேலோங்கியிருந்தனர்.

காகிதத்தில் இது குறைகாண முடியாத ஏற்பாடு. பணம் உண்டு, சட்டத்தின் வலு உண்டு, பொறுப்பேற்றோர் நிருவாகத்தில் அனுபவம் மிக்கவர்கள். ஆயினும் இத்திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1869இற் கோப்பி இலைநோய் தோன்றி விளைச்சல் வீழத் தொடங்கியிருந்தது. வரிச்சுமையைக் குறைப்பதே குழுவினரின் முதன்மைக் கவலையாயிற்று. வைத்தியசாலை சிறப்பாக நடந்தால் அதன் செலவு துரைமார் மீதே விழும். நடவாவிட்டால் துன்புறுவோர் குழுவில் இடமற்ற தொழிலாளர். இத்தகைய அமைப்பில் நற்குணம் வாய்ந்த ஒரு துரை தலைமை வகித்திருந்தாலும் விளைவு பெரிதும் மாறியிருக்காது.

இதற்கிடையில் 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. பட்டினியால் மெலிந்தோர் பெருந்திரளாக இவ்வழியே வந்தனர். வேலைதேடி வந்தோரையும் அடைக்கலந் தேடி வந்தோரையும் பிரித்தறிதல் இயலாத நிலை. இன்றைய வழக்கிற் சொன்னால் அது ஓர் அகதிப் பெயர்ச்சி. அதை எதிர்கொள்ளவேண்டியிருந்த அமைப்போ வேலையாளுக்காக மட்டுமே வகுக்கப்பட்டது. 1880இற் புதிய சட்டத்தின் மூலம் அரசாங்கம் தோட்ட வைத்திய நிருவாகத்தை நேரடியாகப் பொறுப்பேற்றது. பின்னர் நிலவரிக்குப் பதிலாக ஏற்றுமதித் தீர்வை விதிக்கப்பட்டது. குறைகள் பல இருந்தபோதிலும் மாவட்ட வைத்தியசாலைகள் வேரூன்றியது இம்மாற்றத்தின் பின்னரே. அரசாங்கமும் தொழிலாளருக்குப் பொறுப்புக் கூறியதில்லை என்பது உண்மை. ஆனால் அது இந்திய அரசாங்கத்தின் கண்காணிப்புக்கும் இலண்டனிலிருந்து வரும் வினாக்களுக்கும் விடையிறுக்க வேண்டியிருந்தது. செலவைத் தன் பையிலிருந்து கொடுப்பவனே பயனையும் தீர்மானிப்பவனாக இருத்தலிலும், வெளியார் ஒருவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவன் தீர்மானிப்பவனாக இருத்தல் மேலானது. இது சிறு முன்னேற்றமே, எனினும் முன்னேற்றமே.

3. கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு மாறுபட்ட முன்மாதிரி

அடுத்த நூற்றாண்டில், மாத்தளைக்கு மேற்கே குருநாகல், கேகாலை மாவட்டங்களில் நிகழ்ந்த ஒன்றை இங்கு ஒப்புநோக்குதல் தகும். 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக வற்றின. அக்குட்டைகளில் மலேரியாக் கொசு பெருகியது. அவ்வாண்டு இறுதியிற் பரவிய நோய் ஏறத்தாழ 15 இலட்சம் மக்களைப் பீடித்தது. 1935 ஏப்பிரல் வரையிலான சில மாதங்களில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 80,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அரசாங்கம் நிவாரண ஆணையாளரை நியமித்தது, மருந்தகங்களைத் திறந்தது, வைத்தியக் கல்லூரி மாணவரையும் களத்துக்கு அனுப்பியது.

இவற்றோடு சூரியமல் இயக்கத்தைச் சார்ந்த இளைஞரும் கிராமங்களுக்குச் சென்றனர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, லெஸ்லி குணவர்த்தன முதலியோர் இக்குழுக்களில் முன்னின்றனர். அரசாங்கத்திடம் இருந்த பணத்தில் ஒரு சிறு பகுதிகூட இவர்களிடம் இருந்ததில்லை. ஆனால் குடிசை குடிசையாகச் சென்றமையால், கச்சேரியிலிருந்து நோக்கியோர்க்கு எளிதிற் புலப்படாத ஒன்றை இவர்கள் கண்டனர். கொயினா மட்டும் போதாது. நோயாளி பசித்திருக்கிறான் என்பதே அது. எனவே மருந்தோடு பருப்பையும் பகிர்ந்தனர். என். எம். பெரேராவுக்குச் சிங்களக் கிராமத்தவர் ‘பருப்பு மாத்தையா’ என்று பெயர் சூட்டியமை இதனாலேயே.

இத்தலைமையின் சிறப்பு இரண்டாகும். முதலாவது, தலைவர்களே வீட்டு வாயிலுக்குச் சென்றதால் களத்துச் செய்தி இடையிற் சிதையாமல் முடிவெடுப்போரை அடைந்தது. இரண்டாவது, மக்கள் இவர்களை மதிப்பிடும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936 அரசாங்க சபைத் தேர்தலில் ருவன்வெல்லையில் என். எம். பெரேராவும் அவிசாவளையிற் பிலிப் குணவர்த்தனவும் வெற்றிபெற்றனர். நிவாரணத்தை அரசியலாக்கினர் என்று இதனைக் குறைகூறுவோர் உண்டு. உதவியைப் பெற்றவர் உதவி செய்தவரை ஏற்கவும் மறுக்கவும் உரிமை பெற்றிருந்தனர் என்பதே இங்கு முதன்மையானது.

மாத்தளைத் தோட்டத் தொழிலாளருக்கு அவ்வுரிமை நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுள் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. வாக்கற்றோருக்கு எவரும் பொறுப்புக் கூறவேண்டியதில்லை. அடுத்த நாற்பதாண்டுகளில் மலையகத்தில் நிகழ்ந்த ஒவ்வோர் அனர்த்தத்திலும் இவ்வுண்மையின் நிழல் படிந்திருக்கக் காணலாம்.

4. பஞ்சமும் ‘சத்தியோதய’மும்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. கம்பனிகளின் ஆதிக்கம் ஒழிந்தமை முற்போக்காளர் வரவேற்ற மாற்றமே. ஆனால் தோட்டத்தில் உழைத்தோர் அதன் பயனாளராகக் கருதப்படவில்லை. கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் பல தோட்டங்கள் புதிய அரச அமைப்புகளின் கைக்கு மாறியபோது தமிழ்த் தொழிலாளர் சிலர் வேலையும் லயனும் இழந்து வெளியேற்றப்பட்டனர். 1973-74இல் உலகளாவிய உணவுத் தட்டுப்பாட்டால் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. சொந்த நிலமற்ற தோட்ட மக்களையே அது மிகக் கொடுமையாகத் தாக்கியது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. குழந்தை இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடப் பன்மடங்கு உயர்ந்தது.

கண்டியில் 1972இல் இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் நிறுவிய ‘சத்தியோதயம்’ இச்சூழலிற் பணியாற்றியது. 1974இற் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் ஒன்றும் தோன்றியது. சத்தியோதயத்தின் தனித்தன்மை அதன் குழு அமைப்பில் உள்ளது. சிங்களவரும் தமிழரும் ஒரே குழுவிற் சேர்ந்து உழைத்தனர். தோட்டத்தையும் அதனை அடுத்த சிங்களக் கிராமத்தையும் ஒரே பணிக்களமாகக் கொண்டனர். லயனுக்குச் செல்லும் உதவியைக் கண்டு வறிய கிராமத்தவர் மனங்கசந்தால் அடுத்த கலவரத்துக்கு அதுவே வித்தாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கிராமத்தின் வறுமையும் தோட்டத்தின் வறுமையும் ஒரே வரலாற்றின் இரு முகங்கள் என்னும் கொள்கை அக்குழுவின் அன்றாட வேலை முறையாகவே அமைந்தது.

இதனுடன் அக்காலத்து அரச அபிவிருத்தி முயற்சிகளை ஒப்பிடலாம். 1979இற் குருநாகலில் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்தித் திட்டம், 1980களின் தொடக்கத்தில் மாத்தளைக்கும் விரிந்தது. குளங்களும் பாதைகளும் பாடசாலைகளும் இத்தகைய திட்டங்களாற் பயன்பெற்றன என்பதை மறுத்தல் நியாயமன்று. ஆனால் ‘கிராமியம்’ என்ற சொல்லின் பொருளிலேயே தோட்டம் பெரும்பாலும் அடங்கவில்லை. தோட்டம் தனி நிருவாகத்துக்குரியது என்ற கருத்து, மாவட்டத்தின் ஒரு பகுதி மக்களைத் திட்டமிடுவோரின் பார்வைக்கு அப்பால் நிறுத்தியது.

5. வடக்கு நோக்கிய பெயர்ச்சியும் காந்தியமும்

1977 ஆகத்திற் பொதுத்தேர்தலை அடுத்து வெடித்த இனவன்செயல் மலையகத்தையும் தாக்கியது. ஏற்கெனவே பசியாலும் வேலையிழப்பாலும் தொடங்கியிருந்த வடதிசைப் பெயர்ச்சி இப்பொழுது பெருகியது. மாத்தளை, கண்டிப் பகுதியினருக்கு வவுனியா நோக்கிய இயல்பான பாதை, மூதாதையர் நடந்துவந்த அதே பெருவழிதான்.

வவுனியாவில் இவர்களை எதிர்கொண்ட அமைப்புகளுட் காந்தியம் முதன்மையானது. கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட் அதன் தலைவராகவும் டொக்டர் எஸ். இராஜசுந்தரம் செயலாளராகவும் விளங்கினர். இருவரும் உயர்தொழிலர், வசதியான வாழ்வைத் துறந்து களத்துக்கு வந்தோர். அகதிகளை முகாமில் வைத்து உணவளிப்பதோடு நில்லாது, காணியில் அமர்த்திப் பயிர்செய்விப்பதே அவர்கள் நோக்கு. வவுனியாவிலும் ஏனைய வடகிழக்கு மாவட்டங்களிலும் குடியேற்றங்கள் எழுந்தன. இளம்பெண்கள் பயிற்சிபெற்றுக் கிராமங்களில் முன்பள்ளிகளை நடத்தினர்; குழந்தைகளுக்குச் சத்துணவு வழங்கினர். நடமாடும் வைத்திய சேவையும் நடைபெற்றது.

தலைமை என்ற நோக்கில் காந்தியத்தின் வலிமை இம்முன்பள்ளி அமைப்பிலேயே உள்ளது. கிராமத்திற் பிறந்த ஒரு பெண், அக்கிராமத்துத் தாய்மார் நாடோறும் காணும் இடத்திற் பணியாற்றினாள். பால்மா குறைந்தால் அன்றே கேள்வி எழும். எந்தக் கணக்காய்வும் அத்தகைய கண்காணிப்புக்கு ஈடாகாது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் நிதி வந்தபோதிலும் பணியின் அளவுகோல் கிராமத்திலேயே இருந்தது.

அதன் குறைபாடுகளையும் ஆய்வாளன் மறைத்தல் ஆகாது. முன்பள்ளியிற் பரவலாக்கப்பட்ட பொறுப்பு மேல்மட்டத்திற் பரவவில்லை. இயக்கத்தின் வெளித்தொடர்புகளும் பெருமுடிவுகளும் ஓரிருவர் கையிலேயே தங்கின. எல்லைப்புற நிலங்களிற் குடியேற்றுதல் அரசியற் பொருளுடையது. அதன் ஆபத்தைத் தாங்கவேண்டியவர்கள், ஒருமுறை எரிக்கப்பட்டுவந்த ஏழைத் தொழிலாளர். 1983 ஏப்பிரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைதுசெய்யப்பட்டனர். யூலை 25ஆம் 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் படுகொலை செய்யப்பட்டனர். இரண்டாம் நாளிற் கொல்லப்பட்டோருள் இராஜசுந்தரமும் ஒருவர். உயிர்தப்பிய டேவிட் செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பின்போது வெளியேறினார், 2015இற் காலமானார். 1984இற் கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து மலையகத்துக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மாத்தளையிலோ அதே 1983 யூலையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன; முத்துமாரியம்மன் கோயிலும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. பெருவழியின் இரு முனையும் ஒருங்கே பற்றியெரிந்த மாதம் அது.

ஓர் அரசு தன் வன்மையை ஏவும்போது எந்தத் தொண்டு அமைப்பும் தப்புதல் அரிது. ஆகவே காந்தியத்தின் வீழ்ச்சிக்கு அதன் தலைமை முறையைக் காரணம் கூறுதல் தவறாகும். ஆயினும் தலைவர்கள் அகற்றப்பட்டதும் பணியே பெரும்பாலும் நின்றுபோனது என்பதிற் கற்கவேண்டிய பாடம் உண்டு.

6. முடிவுரை

மேலே நோக்கிய ஐந்து வகைத் தலைமைகளையும் தொகுத்துக் காண்போமாயின் ஓர் ஒழுங்கு புலப்படும். கங்காணிக்குத் திறமை இருந்தது. துரைமார் குழுவுக்குப் பணமும் சட்டமும் இருந்தன. இரண்டும் தவறின, ஏனெனில் நோயாளியின் சாவு தலைவருக்கு நட்டமாகத் தோன்றாத வகையில் அமைப்பு இருந்தது. சூரியமல் தொண்டர், சத்தியோதயம், காந்தியம் ஆகிய மூன்றிடமும் பணம் குறைவு. ஆயினும் அவர்கள் மக்களிடையே வாழ்ந்தனர். மக்களின் முகத்தை நாடோறும் நோக்கவேண்டியிருந்தனர். அண்மை என்பது இங்கு ஓர் உணர்ச்சியன்று. அது ஒரு கட்டுப்பாடு. அக்கட்டுப்பாட்டைத் தாமே விரும்பி ஏற்றமையே இத்தலைவர்களின் பெருமை.

ஆனால் நல்லோர் தாமாக ஏற்கும் பொறுப்பு அவர்களோடு மறையக்கூடியது. அதனை உரிமையாக மாற்றுவது சட்டத்தின் கடமை. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கின. ஆயினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே நெடுங்காலம் நின்றது. வாக்களித்த சபையே தன் லயனுக்குப் பாதை போடமுடியாத விந்தை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே நீங்கியது. அத்திருத்தம் நூலளவில் நில்லாது மலையேறிச் செல்லுமா என்பதே இன்றைய வினா. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின் பெருமழையால் மலையகச் சரிவுகள் இடிந்தபோது அவ்வினா மீண்டும் கூர்மையடைந்தது. காணியுரிமையற்ற குடும்பத்துக்கு இடிந்த லயனுக்கு மாற்றாக எங்கே வீடு கட்டுவது என்பதை எந்த நிவாரணக் குழுவும் தனித்துத் தீர்க்க இயலாது.

ஆகவே, நிவாரணக் குழுவொன்றின் தலைமையை மதிப்பிட விழைவோர் தலைவரின் ஆற்றலை மட்டும் அளந்து அமைதல் ஆகாது. பணி தவறினால் யார் துன்புறுவர், அவர்கள் தலைவரைக் கேள்வி கேட்கும் இடம் எது, தலைவர் இல்லாத நாளிற் பணியைத் தொடர யார் பழக்கப்பட்டுள்ளனர் என்ற மூன்றையும் வினவுதல் வேண்டும். லயனில் வாழும் பெண்ணொருத்தி குழுவின் கூட்டத்தில் அமர்ந்து கணக்கைக் கேட்கும் நிலை வரும்வரை, எத்துணைச் சிறந்த தலைமையும் மேலிருந்து இறங்கும் கருணையாகவே இருக்கும். உரிமையற்ற மக்களுக்குக் கருணை போதுமானதன்று என்பதை மாத்தளைப் பெருவழி இருமுறை எண்பித்துள்ளது.